புற்றுநோய் மருத்துவமும் அருளுடைமையும்

மக்களை வருத்தும் நோய்கள் பல. அவற்றுள் பெயரைக் கேட்ட அளவிலேயே உள்ளத்தை நடுங்கச் செய்வது புற்றுநோய். காய்ச்சலுற்றானை உற்றாரும் நண்பரும் சூழ்ந்திருந்து உசாவுவர். புற்றுநோயுற்றானைக் காண வருவோரோ வாயிலில் நின்றே மெல்லப் பேசி மீள்வர். நோய் உடலைத் தின்னுமுன் அச்சம் உள்ளத்தைத் தின்றுவிடுகின்றது. ஆகலின், இந்நோயின் மருத்துவத்துக்கு அருள் எத்துணை இன்றியமையாதது என்பதையும், அதனைத் தம் வாழ்வாற் காட்டிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்து மருத்துவர் சாந்தா அம்மையாரின் தொண்டினையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தனர். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இவற்றுள் மருந்து ஒன்றே பொருள். ஏனைய மூன்றும் மக்கள். மருத்துவமனை என்றவுடன் கருவிகளையும் மாத்திரைகளையுமே நினைக்கும் நம்மனோர்க்கு இப்பகுப்பு ஒரு பேருண்மையை உணர்த்துகின்றது. இந்நான்கினையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புற்றுநோயோடு பொருத்திக் காண்போம்.

முதலாவது நோயாளி. நம் உடம்பு எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவை வேண்டுமளவே பெருகிக் காலம் வந்துழி மாய்வன. சில அணுக்கள் இவ்வொழுங்கினைக் கடந்து, கட்டின்றிப் பெருகி, அண்டையிலுள்ள உறுப்புகளிற் புகுந்து, குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் வேறிடஞ் சென்று வேரூன்றுதலே புற்றுநோயாம். இது அருகிருப்பார்க்குத் தொற்றும் நோயன்று. இறைவன் இட்ட தண்டனையும் அன்று. தொடக்கத்திலேயே கண்டறியப்படின் வாய், மார்பு, கருப்பைவாய் ஆகிய இடங்களில் தோன்றுவனவற்றுட் பல குணமாகத் தக்கன. அவ்வாறிருந்தும் நம் நாட்டிற் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுகின்றனர். அறியாமை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நாணமும் அச்சமும் காரணங்களாம். மார்பிற் கட்டி தோன்றியதை உணர்ந்த தாயொருத்தி, மகளின் திருமணம் முடியட்டும் என்று திங்கள் பல வாளாவிருக்கின்றாள். முன்பொருகால் மருத்துவர் கடிந்து பேசியதை நினைந்து மீண்டுஞ் செல்ல அஞ்சுகின்றான் மற்றொருவன். ஒரு கடுஞ்சொல் நோயாளியை மருத்துவமனை வாயிலினின்று அகற்றுமாயின், அச்சொல் நோய்க்குத் துணைபோயிற்று என்றே கொள்ளல் வேண்டும்.

இனி, சிதம்பரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து கதிர்வீச்சு மருத்துவத்துக்காக 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி கடந்து சென்னை செல்லும் உழவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். கதிர்வீச்சு ஒரு நாளில் முடிவதன்று; கிழமைக்கு ஐந்து நாளாக ஐந்தாறு கிழமைகள் தொடர்வது பெருவழக்கு. நாள்தோறும் கருவியின்கீழ் அவன் கிடப்பது சில நிமிடங்களே. எஞ்சிய பொழுதெல்லாம் இரவு எங்கே தங்குவது, நாளைக் கூலி போயிற்றே, வயலில் நடவை யார் பார்ப்பர், பிள்ளைகள் உண்டனரோ என்னும் கவலைகளே அவனை வாட்டுவன. இக்கவலை பொறாது இடையிலே விட்டு ஊர் திரும்புவோர் உளர். அங்ஙனம் திரும்பினால் முன்செய்த மருத்துவமும் பயன் குன்றும். ஆகவே, "உனக்குத் தங்க இடம் உண்டா?" என்று கேட்கும் மருத்துவர் வெறும் இரக்கங் காட்டுபவர் அல்லர், அக்கேள்வியாலும் அவர் மருத்துவமே செய்கின்றார்.

இரண்டாவது கூறு மருத்துவர். புதுக்கோட்டையிற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1923-ஆம் ஆண்டில் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் அவர் நெஞ்சில் ஆறாது நின்று அறமாக விளைந்தது. இறக்கப் போகின்றவர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று பலர் எண்ணிய காலம் அது. அவர் தளர்ந்திலர், பொருள் திரட்டினார். 1952-இல் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ஆம் ஆண்டு சூன் திங்களில், 12 படுக்கைகளோடு அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார்.

அடுத்த ஆண்டில் அவரோடு வந்து சேர்ந்தவரே மருத்துவர் சாந்தா. அரசு மகளிர் மருத்துவமனையிற் பணி கிடைத்திருந்தும், அதனை விடுத்து, உற்றார் வியப்பவும் வருந்தவும் இச்சிறு நிலையத்தை அவர் தேர்ந்தார். முதல் மூன்றாண்டுகள் ஊதியமின்றி உழைத்தார். நிலையத்தின் வளாகத்தையே இல்லமாகக் கொண்டு, 2021-ஆம் ஆண்டு சனவரி 19-ஆம் நாள், தம் 93-ஆம் அகவையில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். பொருளுடையார்க்கு ஒரு முறை, இல்லார்க்கு ஒரு முறை என்னும் வேற்றுமை மருத்துவத்தில் இருத்தலாகாது என்பது அவர்தம் கொள்கை. 1960-இல் குழந்தைகட்கெனத் தனிப்பகுதி அங்கே அமைந்தது. குழந்தை, சிறிய உருவில் உள்ள பெரியவர் அன்று. அதன் நோயும் வேறு, அச்சமும் வேறு, தாயைத் தேடும் அழுகையும் வேறு என்பதை உணர்ந்தாரன்றி வேறெவர் அதனைச் செய்வர்? மகசேசே விருது 2005-இலும், பத்ம விபூஷண் 2016-இலும் அவரை வந்தடைந்தன. பன்னிரு படுக்கைகளோடு எழுந்த அந்நிலையம் இன்று 500-க்கு மேற்பட்ட படுக்கைகளோடு விளங்குகின்றது.

நோயாளி தன் படுக்கையிற் கிடந்தவாறு மருத்துவரைப் பார்க்கும் பார்வையை நாம் சற்றே எண்ணல் வேண்டும். மருத்துவரின் பட்டங்களை அவன் அறியான். அவர் நின்றாரா, அமர்ந்தாரா. தாளை நோக்கினாரா, தன் முகத்தை நோக்கினாரா. படுக்கை எண்ணால் அழைத்தாரா, பெயரால் அழைத்தாரா என்பனவற்றையே அவன் அறிவான். உண்மை கூறும் இடத்திலும் அருள் வேண்டும். நம் இல்லங்களில், "அவரிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் ஐயா" என்று மருத்துவரை மன்றாடுதல் வழக்கமாயிற்று. அன்பினாற் செய்வதே எனினும், இது நோயாளியைத் தன் வீட்டிலேயே தனியனாக்குகின்றது. எல்லாரும் அறிந்ததைத் தான் மட்டும் அறியானாய், பிறர் முகக்குறிப்பிலிருந்து உணர்ந்தும் வினவ இயலாதவனாய் அவன் கலங்குவான். எவ்வளவு அறிய விரும்புகின்றான் என்பதை அவனிடமே கேட்டறிந்து, தாங்குமளவு உரைத்து, 'உன்னை விட்டு நீங்கேன்' என்பதை உணர்த்துதலே நல்ல மருத்துவரின் முறை. பொய்யாத வாயும் புண்படுத்தாத நாவும் ஒருங்கே வேண்டும் தொழில் இது.

மூன்றாவது மருந்து. அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஏற்றுதல் ஆகிய மூன்றும் இந்நோய்க்குரிய பெருமுறைகள். இவற்றால் தீராத நிலையிலும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அது வலி தணித்தல். இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெருமாட்டி 1967-இல் இலண்டனில் தூய கிறிஸ்தோபர் பெயரால் ஓர் அருளகம் நிறுவினார். வலி என்பது உடலின் வலி மட்டுமன்று. மனத்தின் வலி, குடும்பத்தைப் பற்றிய வலி, ஆன்மாவின் வலி எல்லாம் ஒன்றாகத் திரண்டதே என்று அவர் கற்பித்தார். கடும்வலிக்கு உற்ற மருந்து அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்பின். நம் நாட்டில் 1985-இல் எழுந்த போதைப்பொருட் சட்டத்தின் கட்டுப்பாடுகளால் அது நோயாளர்க்குக் கிடைத்தற்கு அரிதாயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பெற்று வழி சற்று எளிதாயிற்று. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்னும் சொல் மருத்துவர் வாயினின்று வருதல் தகாது. நோய் தீர்க்க இயலாத இடத்தும் நோவு தீர்க்க இயலும்.

நான்காவது பேணுவோர். செவிலியர், மனைவி, மகன், அண்டை வீட்டார் யாவரும் இதில் அடங்குவர். நல்ல சமாரியனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய கதையை நாம் அறிவோம். அவன் காயத்தைக் கட்டியதோடு அமைந்திலன். தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்தான். இரு வெள்ளிக்காசுகள் கொடுத்தான். மேலும் செலவாயின் திரும்பி வரும்போது தருவேன் என்றான். கட்டுதல் ஒரு நாட் செயல். செலவையும் பின்நாளையும் எண்ணுதலே முழுமையான அருள். இந்நாளில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழையரின் செலவைத் தாங்குகின்றது. மருத்துவத்துக்காகச் செல்லும் புற்றுநோயாளர்க்குத் தொடர்வண்டிக் கட்டணத்திற் சலுகை உண்டு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்வழி வலி தணிக்கும் பேணுகையும் வீடு தேடி வருகின்றது. இவை இருப்பதை அறியாத இல்லங்கள் இன்னும் பல. எழுதப் படிக்கத் தெரிந்த மாணவன் ஒருவன் அண்டை வீட்டாரோடு சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுப்பானாயின், அவனும் நான்காவது கூறாகிவிடுகின்றான்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு மற்றுமொரு கடமையும் உண்டு. மேடையிலும் தாளிலும் ஊழலையும் சாதிப் பூசலையும் 'சமூகத்தின் புற்றுநோய்' என்று உருவகஞ் செய்தல் நமக்கு எளிதாகிவிட்டது. அவையில் அமர்ந்து அதனைக் கேட்கும் நோயாளியின் நெஞ்சு என்ன பாடுபடும்? தீமைக்கும் தீராமைக்கும் தன் நோயின் பெயரே உவமையாகும்போது, அவன் தன்னைப் பழிக்கப்பட்டவனாக எண்ணுதல் இயல்பன்றோ? இச்சொல்லணியை நாம் கைவிடுதல் சிறு செயலே; ஆயினும் செலவில்லாதது, இன்றே செய்யத்தக்கது.

நம்முட் சிலரே மருத்துவர் ஆவோம். எனினும், நோயுற்றோர் வாயிலில் நின்று மீளாது உள்ளே சென்று அருகில் அமர்தல் எல்லார்க்கும் இயலும். சாந்தா அம்மையார் அறுபத்தைந்து ஆண்டுகள் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்பித்த பாடமும் இதுவே. அருளுடைய உள்ளத்தை இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.