வள்ளுவர் அதை யாருக்குச் சொன்னார்?

கருவேப்பிலங்குறிச்சி கடைவீதியில் விருத்தாசலம் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். வருகிற வழியைக் காணோம், டீ சொன்னோம். அக்கா மகன் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறான்.

"மாமா, வெள்ளிக்கிழமையானா மைண்ட்ஃபுல்னெஸ்னு கண்ணை மூடி உக்கார வைக்கிறாங்க. அந்த அரை மணி நேர வேலையை ராத்திரி உக்காந்து முடிக்கணும். இதுல வேலை மேல எப்படிப் பிடிப்பு வரும்?"

நியாயமான கேள்விதான். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையிலிருந்தே ஆரம்பித்தேன். பொம்மை வார்க்க, பிளாஸ்டர் அச்சுக்குள் மண்கூழை நிரப்புவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, மண் உட்சுவரில் ஏடாகப் படியும். தேவையான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். முந்தினால் பொம்மை மெலிந்து உடையும், பிந்தினால் கனத்துவிடும். ஈரம் காயாத அச்சு கூடுதல் நேரம் கேட்கும், அதனால் கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. அச்சின் வாயோரத்தில் ஏடு தடிப்பதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் மனசு குழுக்கடனுக்குப் போகும். போனது தெரிந்ததும் அச்சுக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதல்தான் மைண்ட்ஃபுல்னெஸ். மற்றதெல்லாம் மெத்தையும் மணியோசையும்.

ஜான் கபாட்-ஜின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதையே பல வாரப் பயிற்சியாக்கினார். தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. ஆபீசுக்குள் நுழைந்தது பிறகுதான். பயிற்சியால் மன அழுத்தம் ஓரளவு குறைகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேலையில் பிடிப்பு என்பது வேறு கணக்கு. வில்லியம் கான் 1990-இல் ஒரு கோடை முகாமையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தையும் ஆராய்ந்து எழுதினார். மனிதன் மனசறிந்தோ அறியாமலோ மூன்று கேள்வி கேட்டுப் பார்த்துத்தான் வேலையில் தன்னைக் கொடுக்கிறான்: இதில் அர்த்தம் உண்டா, வாய் திறந்தால் ஆபத்து வருமா, எனக்குத் தெம்பு இருக்கிறதா. கண்ணை மூடி உட்கார்வது மூன்றாவதற்குக் கொஞ்சம் உதவும். முதல் இரண்டுக்கும் பதில் முதலாளி கையில் இருக்கிறது.

"அப்ப வெள்ளிக்கிழமை வகுப்பு வீணுங்கறீங்களா?"

வீண் இல்லை, போதாது. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேர். இத்தகைய நலத் திட்டங்களில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டுப் பணி ஒன்றுதான் விதிவிலக்கு. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு என்பதால் அதையே முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பணிச்சுமையை அப்படியே வைத்துவிட்டு மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்பவர்கள் அதைப் படிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கவனம் கூடினால் கண்ணில் படுவதும் கூடும். காய்ந்த பொம்மையில் அச்சுத் தையலைச் சுரண்டும்போது வெண்தூசி பறக்கும். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் வரும் சிலிகோசிஸைத் திருப்ப மருந்து இல்லை. ஈரப் பஞ்சால் துடைத்தால் தூசி அடங்கும். தன் மூச்சை உண்மையிலேயே கவனிக்கிறவர் முதலில் கேட்பது அந்த ஈரப் பஞ்சைத்தான். அப்போது, 'இவர் பிரச்சினை பண்ணுகிறார்' என்பார்கள்.

கவனத்தைப் பற்றிய பேச்சு வள்ளுவருக்குப் புதிதல்ல. பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார், 54-ஆவது. மறதிக்கு இடம் கொடாமை என்று பொருள். அதை வைத்த இடத்தைப் பார்: பொருட்பாலில், அரசியலில். அடுத்த அதிகாரம் செங்கோன்மை. விழிப்பு முதலில் ஆள்பவனுக்குத்தான்!

2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற கால்கள் யாரோ ஒருவர் கவனத்துக்கு வந்ததன் விளைவு அது. எந்தத் தியான வகுப்பும் அந்த முக்காலியைக் கொண்டுவந்திருக்காது.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "எங்க மேனேஜர் அந்த வகுப்புக்கு வர்றதே இல்ல மாமா. மீட்டிங் இருக்குன்னு போயிடுவார்."

பஸ் வந்தது. உட்கார இடமில்லை.