கம்பெனி கார், வீட்டு மின்சாரம்

நம் அன்பர்கள் சிலரின் பிள்ளைகளுக்குக் கம்பெனி மின்சாரக் கார் தருகிறது. சார்ஜ் செய்வது வீட்டில். சுவரில் 7.2 கிலோவாட் பெட்டி வேண்டுமா என்று என்னைக் கேட்கிறார்கள். தினம் ஐம்பது கிலோமீட்டருக்கு எட்டு யூனிட் போதும். 16 ஆம்பியர் பிளக்கே மூன்று மணி நேரத்தில் அதைத் தந்துவிடும். பெட்டிக்கோ 32 ஆம்பியர் தனி ஒயர், கூடுதல் லோடு அனுமதி எல்லாம் வேண்டும். எதுவானாலும் முதலில் எர்த்தைச் சோதியுங்கள் (ரயில்வே புத்தி, விடாது!).

பில்தான் பெரிய விஷயம். வீட்டு மீட்டரில் மாதம் இருநூறு யூனிட் கூடினால், அத்தனையும் மேல் ஸ்லாப் விலையில் விழும். கம்பெனி சராசரி விலை கொடுத்தால் நஷ்டம் நமக்கு. 2024 விதித் திருத்தப்படி காருக்கெனத் தனி இணைப்பு கேட்கலாம். அந்த பில்லை அப்படியே கம்பெனியிடம் நீட்டலாம். வாடகை வீடானால், பெட்டியைக் கழற்றும் செலவு யாருடையது என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.