காந்தியைத் தேடி ஒரு லட்சம் மைல்: ஏ.கே.செட்டியாரின் கதை ஓசூருக்கு ஏன் தேவை?

ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகா. இந்தப் பக்கம் சிப்காட், ஷிஃப்ட் பஸ், அபார்ட்மென்ட். இன்றைய ஓசூர் இதுதான். ஆனால், 50 வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர் எப்படி இருந்தது என்று கேட்டால், போனில் தேடிக் காட்ட வீடியோ கிடைப்பது கஷ்டம். ராகியும் ரோஜாவும் விளைந்த நிலம் தொழிற்பேட்டையாக மாறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதைச் சேர்த்து வைத்தவர்கள் குறைவு.

அப்படிச் சேர்த்து வைப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்த ஒரு தமிழர் உண்டு. அவர்தான் ஏ.கே.செட்டியார்.

யார் இவர்?

1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். பர்மாவில் ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை படித்தார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்ற பயண நூலின் பெயரே அவருக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. எழுத்தும் கேமராவும் ஒருவர் கையிலேயே இருப்பது அன்றைய தமிழ்நாட்டுக்குப் புதுசு.

வெளிநாடுகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஜெர்மனியின் அலெக்சாண்டர் க்ளூகே கதைகளும் எழுதினார், ஆவணப்படங்களும் எடுத்தார். 1962-ல் ஜெர்மன் சினிமாவை மாற்றிய ஓபர்ஹவுசன் அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். செட்டியார் அதற்கு 20 வருஷத்துக்கும் முன்னாடியே, ஸ்டூடியோ பலமோ அரசு உதவியோ இல்லாமல் இறங்கிவிட்டார்.

அப்படி என்ன செய்தார்?

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பலில் இருந்தார் செட்டியார். அன்று காந்தி பிறந்தநாள். காந்தியைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 26-கூட ஆகவில்லை.

புதிதாகப் படம் பிடித்தால் மட்டும் போதாது. காந்தியின் தென்னாப்பிரிக்க நாட்கள், தண்டி யாத்திரை, லண்டன் பயணம் எல்லாமே முடிந்துபோனவை. அவற்றை யார் யாரோ எங்கெங்கோ படம் பிடித்திருந்தார்கள். அந்தத் துண்டுகளைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான வேலை.

கணக்கு இதுதான்: சுமார் ஒரு லட்சம் மைல் பயணம், நான்கு கண்டங்கள். 30 ஆண்டுகளில் நூறு பேர் வரை எடுத்த படச்சுருள்கள், மொத்தம் 50,000 அடி. இன்றைய கணக்கில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். அதை 12,000 அடியாக, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குள் சுருக்கினார். இமெயில் கிடையாது; எல்லாம் கடிதம், தந்தி, கப்பல்தான்.

1940 ஆகஸ்ட் 23-ம் தேதி படம் சென்னையில் வெளியானது. உலகப்போர் நடக்கிறது, ஆள்வது பிரிட்டிஷ் அரசு, படமோ காந்தியைப் பற்றி. துணிச்சல் புரிகிறது அல்லவா?

படம் இப்போது எங்கே?

இங்கேதான் சோகம். 1940-ல் வெளியான அந்தத் தமிழ்ப் படம் முழுசாக இன்று நம் கையில் இல்லை. 1953-ல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவம்தான் பிற்பாடு கிடைத்தது. உலகம் முழுக்க அலைந்து பிறர் எடுத்த படங்களைக் காப்பாற்றியவரின் சொந்தப் படத்துக்கே இந்தக் கதி.

ஆனால், எழுத்து தப்பித்தது. படம் எடுத்த அனுபவத்தை அவர் தன் ‘குமரி மலர்’ இதழில் எழுதினார். அந்தக் கட்டுரைகளை ஆ.இரா.வேங்கடாசலபதி தொகுத்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று நூலாக்கினார். படம் எப்படி உருவானது என்று இன்று நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அந்த எழுத்துதான். 1983-ல் மறையும்வரை பழைய கட்டுரைகளையும் பயணக் குறிப்புகளையும் தேடி எடுத்து அச்சில் ஏற்றிக்கொண்டே இருந்தார் செட்டியார்.

ஓசூருக்கு என்ன சம்பந்தம்?

காந்தியின் சம்பந்தி ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருப்பதால், அந்த வரலாற்றைப் போய்ப் பார்க்க முடிகிறது. ஆனால், சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள், 1980-களில் லேலண்ட், டைட்டன் ஆலைகளில் முதல் தலைமுறையாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் தெருக்கள்? இவற்றுக்கு நினைவு இல்லம் எதுவும் இல்லை.

அவை வீட்டு அலமாரிகளில்தான் கிடக்கின்றன: கல்யாண வீடியோ கேசட், ஆயுதபூஜை குரூப் போட்டோ, பழைய ஐடி கார்டு. கேசட்டின் காந்த நாடா வருஷம் போகப்போகக் கெட்டுப்போகும். இந்த வார லீவில் உடனே செய்யக்கூடியவை இவை:

* கேசட்டை டிஜிட்டலாக மாற்றி, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிக்கலாம்.
* போட்டோவில் இருப்பது யார், எந்த இடம், எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம்.
* ரிட்டயர் ஆன தொழிலாளி ஒருவர் பேசுவதை, அவர் சம்மதத்தோடு, போனிலேயே அரை மணி நேரம் பதிவு செய்யலாம்.

செட்டியார் ஒரு லட்சம் மைல் போனார். ஓசூரில் இருப்பவர்கள் அடுத்த தெருவுக்குப் போனாலே போதும்.