வீடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்

சென்னையைச் சுற்றியுள்ள புறநகர்களுக்கு எப்படிப்பட்ட போக்குவரத்து வேண்டும் என்ற பேச்சு இப்போது பலமாக நடக்கிறது. மெட்ரோ, மின்சாரப் பேருந்து, மேம்பாலம், நடைபாதை என்று வரைபடங்கள் தயாராகின்றன. அந்த வரைபடங்களில் நம் காலனிகள் எங்கே இருக்கின்றன என்று நாம் கேட்டாக வேண்டும். பேருந்து என்பது நமக்கு வெறும் வண்டி அல்ல. அதில் ஏறும் உரிமைக்கே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் தனியார் பேருந்துகளில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மாட்டார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யு.பி.ஏ. சவுந்தரபாண்டியனார், அவர்களை ஏற்றாத பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. 1929ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1997ல், புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்ட அரசு முடிவு செய்தது. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது.

இன்று பேருந்தில் யாரும் நம்மை இறங்கச் சொல்ல முடியாது. ஆனால் நாம் வசிக்கும் இடத்துக்குப் பேருந்து வராமலே போனால், விளைவு ஏறக்குறைய அதேதான்.

சென்னையின் தெற்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மூன்று பெரிய மறுகுடியமர்வுப் பகுதிகள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் கண்ணகி நகரில் தொடங்கி, கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் அலை அலையாக இங்கே கொண்டுவரப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த வேகம் கூடியது. அப்படி வந்தவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். தலித் மக்களுக்காகக் குரல் கொடுத்த அமைச்சர் சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த குடியிருப்பும் தப்பவில்லை. 2019 டிசம்பரில், பள்ளிக்கூட ஆண்டின் நடுவில், அங்கிருந்த குடும்பங்கள் சுமார் 25 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டன.

வீடு மாறியது, வேலை மாறவில்லை. வீட்டு வேலை, சித்தாள் வேலை, சுமை தூக்குதல், மீன் வியாபாரம், துப்புரவுப் பணி எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. முன்பு நடந்தே போய்ச் சேர்ந்த இடத்துக்கு இப்போது இரண்டு வண்டி மாற வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, போக வர 40 ரூபாய். மாதம் 26 நாள் வேலைக்கு 1,040 ரூபாய். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு இது ஒரு வீட்டுச் சம்பளமே போவதற்குச் சமம். பலர் வேலையை விட்டார்கள். பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டார்கள். இன்னும் சிலர் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள்.

இங்கேதான் சுற்றுச்சூழல் கணக்கும் வருகிறது. புகையைக் குறைக்க வேண்டும், கார்களைக் குறைக்க வேண்டும், மக்களை நடக்கவும் பேருந்தில் ஏறவும் வைக்க வேண்டும் என்று திட்டக்காரர்கள் சொல்கிறார்கள். வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் சொல்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் நடந்தும் பேருந்திலும் போய்க்கொண்டிருந்த மக்களை 25 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்து, அவர்களைப் பெட்ரோல் வண்டிக்குத் தள்ளியது யார்? போக்குவரத்துத் திட்டம் சாலையில் தொடங்குவதில்லை. வீடு எங்கே கட்டப்படுகிறது என்பதில் தொடங்குகிறது.

நன்மைகள் நடக்கவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம். உழைக்கும் பெண்கள் கையில் நேரடியாகப் பணம் நின்ற திட்டம் இது. 2025ல் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. ஆனால் இலவசம் என்பது பேருந்து வந்தால்தான் இலவசம். விடியற்காலை 5 மணிக்கும் இரவு 10 மணிக்கும் அந்தப் பேருந்து வருகிறதா என்பதே துப்புரவுத் தொழிலாளியின் கேள்வி. குளிர்சாதனப் பேருந்துகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் இலவசப் பயணம் காகிதத்தில்தான் மிஞ்சும்.

பெரிய திட்டங்களின் வேகத்தையும் பார்ப்போம். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது 2007ல். அங்கிருந்து பரங்கிமலை வரை உள்ள சுமார் 5 கிலோமீட்டருக்கான வேலை 2008ல் தொடங்கி, 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. தென் மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, பக்கத்திலேயே தண்டவாளம் இருந்தும் அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை. கிராமத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவர்கள்தான் அந்தக் குறையின் சுமையைத் தலையில் தூக்கினார்கள். சுமார் 119 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் வழியாகவும் வருகிறது. ஆனால் நிலையத்திலிருந்து குடியிருப்பு வரை நடைபாதை, விளக்கு, சிற்றுந்து இல்லாவிட்டால் அது நம் தலைக்கு மேல் போகும் ரயிலாகவே இருக்கும்.

இது சென்னைக்காரர்கள் விஷயம் என்று கிராமத்து வாசகர்கள் ஒதுங்க முடியாது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி, 2022ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏராளமான கிராமங்கள் அதற்குள் வந்துவிட்டன. இந்தக் கிராமங்களில் ஊர் ஒரு இடம், காலனி ஒரு இடம். நிழற்குடை ஊரில் இருக்கும். காலனியிலிருந்து அங்கே போக வயல்வரப்பும் இருட்டும் தாண்ட வேண்டும். வரைபடத்தில் கிராமத்துக்கு ஒரு புள்ளி வைத்து, 'இங்கே பேருந்து வசதி உண்டு' என்று எழுதினால், அந்தப் புள்ளி எப்போதும் ஊரையே குறிக்கும். காலனி வசதி பெற்றதாகக் கணக்கில் ஏறிவிடும்.

2008ல் வெளியான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 உடன் முடிகிறது. அடுத்த 20 ஆண்டுகளுக்கு எந்தச் சாலை, எந்தப் பேருந்துத் தடம் என்று முடிவாகும் நேரம் இது. அதனால் நாம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். காலனியைத் தனிக் குடியிருப்பாகக் கணக்கிட்டு, அங்கிருந்து நிறுத்தத்துக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். புதிய நிறுத்தம் காலனிக்கும் ஊருக்கும் பொதுவான இடத்தில் அமைய வேண்டும். வேலை நேரத்துக்கு ஏற்ப விடியலிலும் இரவிலும் சாதாரணக் கட்டணப் பேருந்துகள் ஓட வேண்டும். பேருந்தும் பள்ளியும் தயாராகும் முன் எந்தக் குடும்பத்தையும் இடம் மாற்றக் கூடாது. முடிந்தவரை பழைய இடத்திலேயே வீடு கட்டித் தர வேண்டும்.

பணம் இல்லை என்ற பதில் செல்லாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம். அந்த விகிதத்தில் நிதி ஒதுக்கிச் செலவிட 2024ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. காலனியின் இணைப்புச் சாலையும் தெருவிளக்கும் நிழற்குடையும் அந்த நிதியின் நேரான பயன்பாடுகள்.

வழிகளும் நம் கையில் இருக்கின்றன. ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. அதில் பேருந்துத் தடம் கேட்டுத் தீர்மானம் போடலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை இணைத்து மனு கொடுக்கலாம். நம் தடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நடை ஒதுக்கப்பட்டது, எத்தனை நடை ஓடியது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் ஒரு வாரம் நிறுத்தத்தில் நின்று, வந்த பேருந்துகளின் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தால், அதைவிட உறுதியான ஆதாரம் வேறில்லை.

பேருந்தில் ஏறும் உரிமையை ஓர் உத்தரவு பெற்றுத் தந்தது. பேருந்து நம் தெருமுனைக்கு வரும் உரிமையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். வரைபடத்தின் மை காய்வதற்குள் கேட்க வேண்டும்.