கருவிழியில் ஒரு வளையம்

கையெழுத்துதான் முதலில் கோணியது. பிறகு மோர் டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில் சிந்தியது. நாக்கு குழறி, வாயோரம் எச்சில் வடிந்தது. "என்னடா முணுமுணுக்கிற, வாயைத் திறந்து பேசு" என்று அதட்டினார் அம்மா. பையனுக்கு வயது 19. தாயத்து கட்டினார்கள். பயம்தான் காரணம் என்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்த கண் மருத்துவர்தான் அதைக் கண்டுபிடித்தார். கருவிழி விளிம்பைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாய் மெல்லிய வளையம். அதற்குள் அவன் பேச்சு அம்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது.

வில்சன் நோய். 1912-ல் லண்டனில் கின்னியர் வில்சன் விவரித்தது. சாப்பாட்டில் மிஞ்சும் செம்பை ஈரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். ஒரு மரபணு பழுதானால் செம்பு ஈரலில் தேங்கி, பிறகு மூளையிலும் கண்ணிலும் படிகிறது.

நடுக்கத்தை வைத்து மட்டும் நோயைச் சொல்லிவிட முடியாது. பார்க்கின்சனில் பெரும்பாலும் சும்மா மடியில் கிடக்கும் கை நடுங்கும். வேறு சிலருக்குக் கையை நீட்டினால்தான் நடுக்கம் வரும், குரலும் சேர்ந்து நடுங்கலாம். வில்சனில் இரண்டும் வரும். கையை மடக்கித் தூக்கினால் சிறகடிப்பதுபோல் தோளிலிருந்தே அடித்துக்கொள்வதும் உண்டு.

சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய்க்கு எல்லோரையும் சோதிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். எல்லோரையும் வேண்டாம். இளவயதில் நடுக்கமும் குழறலும் சேர்ந்து வருபவரைச் சோதித்தால் போதும். கண் பரிசோதனை, ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, ஒருநாள் சிறுநீரில் செம்பின் அளவு, அவ்வளவுதான். தாமதித்தால், மருந்தில் நடுக்கம் அடங்கினாலும் பேச்சு பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

என்னை உறுத்துவது கூடப் பிறந்தவர்கள்தான். பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணுப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டும் குடும்பங்களில் இருவரிடமும் அதே பழுது இருப்பது எளிது. நடுக்கம் வருமுன்பே கண்டுபிடித்துத் துத்தநாக மருந்து தொடங்கினால் பேச்சு போகாமலே காக்கலாம். ஆனால், "பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல டெஸ்ட்டா?" என்று தள்ளிப்போடுகிறார்கள். வரன் வந்த பிறகு நாக்கு குழறினால்?

அந்தப் பையனின் வீட்டில் செம்புக் குடம் பரணுக்குப் போய்விட்டது. தங்கையின் ரத்தம் இன்னும் எடுக்கப்படவில்லை. "அவ நல்லாத்தானே இருக்கா" என்கிறார் அம்மா. அருகில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எனக்குப் புரியவில்லை. அம்மா சொன்னார்: "அவளையும் கூட்டிட்டுப் போகச் சொல்றான்."