ஃப்ளாஷ் பளிச்... ஜரிகை அம்பேல்!

உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருத்தர் இருப்பார். தாத்தாவின் பீரோவிலிருந்து பழைய யாஷிகாவையோ பென்டாக்ஸையோ தூசு தட்டி எடுத்து, ரோல் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறவர். "செல்போன்ல எடுக்கறதெல்லாம் போட்டோவா பாஸ்? ஃபிலிம்னா அதோட களையே வேற!" என்பார். தப்பில்லை. பென்டாக்ஸ்காரர்களே 2024-ல் புத்தம் புதுசாக ஒரு ஃபிலிம் காமிரா கொண்டு வந்தார்கள். மகாபலிபுரம் வெயிலில் கடலைப் படம் பிடிக்கிற வரை வண்டி நன்றாகவே ஓடும். அண்ணன் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குள் நுழைந்து ஃப்ளாஷை மாட்டினாரோ... ஆரம்பித்தது வினை!

எங்கள் ஊரில் அந்த வினை இரண்டு மடங்கு. ஐயம்பேட்டை என்றதும் தஞ்சாவூருக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். இது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கும் நெசவாளர் ஐயம்பேட்டை. இங்கே கல்யாண ஆல்பத்தை யாரும் முகத்துக்காகப் புரட்டுவதில்லை. "முந்தியைக் காட்டு... கோர்வை எப்படி விழுந்திருக்கு?" என்றுதான் கேட்பார்கள். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று தறியிலேயே கோத்து நெய்கிற புடவை அது. நெய்தவரே பந்தியில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருடைய பல நாள் உழைப்பை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வெள்ளைத் திட்டாக்கிவிட ஃப்ளாஷால் முடியும்.

காரணம் ரொம்ப சிம்பிள். ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. அதாவது ஆயிரக்கணக்கான பொடிக் கண்ணாடிகள். காமிராவின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஃப்ளாஷ் நேராக அடித்தால், வெளிச்சம் நேராக லென்ஸுக்கே திரும்பி வரும். மாங்காயும் போச்சு, மயிலும் போச்சு! பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் போட்டு நெய்கிற மயில்கழுத்துப் புடவை இன்னும் பாவம். சாய்வாக வெளிச்சம் பட்டால்தான் இரண்டு நிறமும் மாறி மாறி மின்னும். நேர் ஃப்ளாஷில் தட்டையாக ஏதோ ஒரு நிறம்தான் மிஞ்சும்.

பி.காம். படித்தவனின் கணக்கு

எனக்கு எதையும் வரவு செலவாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். நல்லவேளை, ஃப்ளாஷ் சுத்தமான கணக்கு. ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் கைடு நம்பர் என்று ஒன்று உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் மீட்டர் கணக்கில் கைடு நம்பர் 28 என்றால், 5 மீட்டர் தள்ளி நிற்கும் மணமக்களுக்கு 5.6. ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் போட்டால் நம்பர் இரட்டிப்பாகி 56. அதே 5 மீட்டருக்கு 11 வைக்கலாம்.

இதில் ஒரு வில்லங்கம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது! மாப்பிள்ளை 2 மீட்டரில், மாமனார் 4 மீட்டரில் என்றால் மாமனாருக்குக் கிடைப்பது கால் பங்கு. (நிஜ வாழ்க்கையில் எப்படியோ!) குரூப் போட்டோவில் முன்வரிசைக் குழந்தை வெளுத்துப்போய், பின்வரிசைச் சித்தப்பா இருட்டில் மறைவது இதனால்தான். எல்லோரையும் கூடியவரை காமிராவிலிருந்து ஒரே தூரத்தில், லேசான அரைவட்டமாக நிற்க வையுங்கள். சந்தேகம் வந்தால் அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் அதிகம் திறந்துவிடுங்கள். கலர் நெகடிவ் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது.

பாதி மாப்பிள்ளை

பென்டாக்ஸ் கே 1000 மாதிரித் துணித்திரை ஷட்டர் காமிராக்களில், ஃப்ளாஷ் போட்டால் 1/60 விநாடிக்கு மேல் வேகம் கூடாது. 1/250 வைத்தீர்களோ, திரை முழுசாகத் திறக்காமலே ஃப்ளாஷ் அடித்து முடிந்துவிடும். மணப்பெண் ஜொலிப்பார். பக்கத்தில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அமாவாசை! லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள யாஷிகா எலக்ட்ரோ 35 போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வேகத்தைக் குறைப்பதில் ஒரு லாபமும் உண்டு. 1/30 வைத்தால் ஆட்களை ஃப்ளாஷ் பார்த்துக்கொள்ளும். பின்னால் குத்துவிளக்கும் சீரியல் பல்பும் மெல்லப் பதியும். மண்டபம் குகை மாதிரித் தெரியாது. கை மட்டும் நடுங்கக்கூடாது.

வேட்டியே துணை

சரி, ஜரிகையைக் காப்பாற்றுவது எப்படி? ஃப்ளாஷை ஆள் மேல் அடிக்காதீர்கள், அவ்வளவுதான். தலை திரும்புகிற ஃப்ளாஷாக இருந்தால் வெள்ளைக் கூரையில் அடியுங்கள். வெளிச்சம் பரவி, மெத்தென்று இறங்கும். பத்தடி உயரக் கூரை என்றால் சுமார் இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். 11 இருந்த இடத்தில் 5.6.

ஆனால் எங்கள் ஊர் ஓட்டு வீடுகளில் கூரை ஏது வெள்ளை? மண்டபமோ இருபதடி உயரம். சுவரில் பச்சை பெயிண்ட் இருந்தால் கல்யாணப் பெண் முகமும் பச்சை! இதற்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். சும்மா நிற்கும் தம்பி ஒருவனைப் பிடித்து, மேடைக்குப் பக்கவாட்டில் அட்டையோடு நிறுத்துங்கள். ஃப்ளாஷ் தலையை அட்டை பக்கம் திருப்பி அடியுங்கள். வெளிச்சம் பக்கத்திலிருந்து சாய்வாக வரும். ஜரிகை புட்டா புட்டாவாக எழும்பி நிற்கும். தெர்மாகோல் இல்லையா? சலவை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். (கட்டியிருப்பதை அல்ல!)

மூன்று முடிச்சு, ஒரே அடி

ஒவ்வொரு அடிக்கும் ஃப்ளாஷ் மறுபடி சார்ஜ் ஏறவேண்டும். புது செல்லில் சில விநாடிதான். செல் களைத்தால் பத்து விநாடியும் ஆகும். ரெடி விளக்கு எரியாமல் க்ளிக் செய்தால் அரை வெளிச்சம்தான். ஆகவே முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பே நாலு புது செல் மாற்றுங்கள். "கெட்டிமேளம்!" என்றதும் பதறி அடித்துவிடாமல், முதல் முடிச்சில் மாப்பிள்ளையின் விரல் தெரிகிற வரை பொறுங்கள். அடுத்த விநாடி அட்சதை பறக்கும். லென்ஸ் பக்கத்தில் பறக்கிற ஒரு அரிசி, ஃப்ளாஷ் பட்டால் படத்தில் பலூன் சைஸுக்கு நிற்கும். ஹோமப் புகையும் இப்படித்தான். புகை நடுவில் வராத பக்கமாக நில்லுங்கள்.

ரோலில் இருப்பது 36 படம். 1960-ல் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஒரு காலத்தில் 'இந்து' என்ற பெயரில் நம் ஊரிலேயே ஃபிலிம் செய்தது. இன்று அது இல்லை. கடையில் கிடைக்கும் கலர் ரோல் வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அதற்கேற்ப. அதற்காக ஒத்திகையில் கஞ்சத்தனம் வேண்டாம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், வீட்டுக் கொடியில் ஒரு பட்டுப்புடவையைப் போட்டு, நேராக, கூரையில், அட்டையில் என்று அடித்துப் பாருங்கள். தூரம், அப்பர்ச்சர் எல்லாம் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். டெவலப் ஆகி வந்ததும் எது சரியென்று புடவையே சொல்லிவிடும்.

ஒன்று மட்டும். புடவையை எடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் எடுத்தால் அடிக்கிற ஃப்ளாஷுக்கு எந்தக் கைடு நம்பரும் கிடையாது!