நோயின் பெயர் இல்லாத ஒரு வரி

சென்ற தவணையில் உயிரியல் பாட ஒப்படைப்புக்காக எங்கள் விரிவுரையாளர் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். உயிருள்ள பன்றிகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அனுப்பும்போது உடன் செல்லவேண்டிய கால்நடை நலச் சான்றிதழின் மாதிரி அது. “இதில் எந்த வரியை நீக்கினால் ஆபத்து அதிகம்?” என்பதுதான் கேள்வி.

படிவத்தின் தொடக்கத்தில் பன்றிகளின் எண்ணிக்கை, அடையாள எண், பண்ணையின் முகவரி. அடுத்து நோய்களின் பட்டியல்: கோமாரி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எனத் தொடரும். ஒவ்வொன்றும் அந்தப் பண்ணையில் இத்தனை மாதங்களாக இல்லை என்று அரசாங்கக் கால்நடை மருத்துவர் உறுதிகூற வேண்டும். பிறகு தனிமைப்படுத்திய தேதிகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், வாகனம் கிருமிநாசினியால் கழுவப்பட்டதா என்ற விவரம். கடைசியில், ‘ஏற்றிய நாளன்று எந்தத் தொற்றுநோயின் அறிகுறியும் தென்படவில்லை’ என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரி வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றிய வரியைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்தியாவிலிருந்து புறப்பட்ட மாடுகள்

இந்த விதிமுறைகளுக்குப் பின்னால் ஒரு கப்பல் பயணம் இருக்கிறது. 1920ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றிலிருந்து மாட்டுக் கொள்ளைநோய் அந்நாட்டில் பரவியது. ஒரு நாட்டில் நோய் தோன்றினால் மற்ற நாடுகளுக்கு உடனே தெரியவேண்டும் என்ற எண்ணத்தில் 1924ல் 28 நாடுகள் பாரிசில் ஓர் அமைப்பைத் தொடங்கின. அதுவே இன்றைய உலக விலங்குநல அமைப்பு. நாடுகள் தங்கள் இறக்குமதி விதிகளை வகுக்க அடிப்படையாகக் கொள்வது அதன் நெறிமுறைகளைத்தான்.

தனிமைப்படுத்தும் நாள்களுக்கும் கணக்கு உண்டு. கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடைவெளி இருக்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு அதை 15 நாள்கள் என்று அந்த நெறிமுறை வகுத்துள்ளது. நேற்றுத் தொற்றிய பன்றி இன்று நன்றாக இரை எடுக்கும். அதனால்தான் மந்தையைப் பிரித்து வைத்து, புதிய பன்றி எதையும் சேர்க்காமல், நாள்கள் கடக்கும்வரை காத்திருக்கிறார்கள்.

கொசு என்று நினைத்தார்கள்

எல்லாம் சரி, பட்டியலில் இல்லாத நோய் வந்தால்?

1998 செப்டம்பர் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் மூளை வீக்கமும் ஏற்பட்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. சிரம்பானில் இருக்கும் என் அத்தையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “அப்ப எல்லாரும் ‘ஜேஇ’ன்னுதான் சொன்னாங்க. கொசு மருந்து அடிச்சாங்க, ஊசி போட்டாங்க. அப்பவும் ஆளுங்க செத்துக்கிட்டேதான் இருந்தாங்க,” என்றார்.

கணக்கு எங்கோ இடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கு நோயுற்றவர்களோ பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். கொசு வீட்டில் எல்லாரையும்தான் கடிக்கும். ஆனால் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்குத்தான் நோய் வந்தது. பன்றிகளும் இருமின. தூரத்தில் கேட்கும் அளவுக்குச் சத்தமான அந்த இருமலுக்குப் பின்னர் ‘ஒரு மைல் இருமல்’ என்றே பெயர் வந்தது.

அதற்குள் பயந்துபோன பண்ணையாளர்கள் பன்றிகளை விற்றார்கள். லாரிகள் தெற்கே சென்றன. நோயும் கூடவே நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கை அடைந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது ‘நிபா’ ஆனது. அதன் இருப்பிடம் பழந்தின்னி வௌவால்கள் என்பது பிறகு தெரியவந்தது.

மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டனர். 105 பேர் மாண்டனர். ஒரு மில்லியனுக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்ட 11 ஊழியர்கள் சிங்கப்பூரில் நோயுற்றனர். அவர்களில் ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் உடனே இறக்குமதியை நிறுத்தியது.

எந்தச் சான்றிதழிலும் ‘நிபா இல்லை’ என்று எழுதியிருக்க முடியாது. அந்தப் பெயரே அப்போது இல்லை.

கடைசி வாசல்

சிங்கப்பூரில் இப்போது பன்றிப் பண்ணை கிடையாது. 1984ல் எடுத்த முடிவின்படி அவை படிப்படியாக மூடப்பட்டன. உயிருள்ள பன்றிகள் அங்கீகரிக்கப்பட்ட பண்ணைகளிலிருந்து சான்றிதழோடு வந்து, ஜூரோங் இறைச்சிக்கூடத்தில் சோதிக்கப்படுகின்றன. வெட்டுவதற்கு முன்னர் ஒரு சோதனை, பின்னர் ஒரு சோதனை.

2023 ஏப்ரலில் அந்தக் கடைசி வாசலில்தான் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிடிபட்டது. இந்தோனீசியாவின் புலாவ் புலானிலிருந்து வந்த பன்றிகளின் உடல்களில் கிருமி இருந்தது. அங்கிருந்து இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாட்டின் பன்றி இறைச்சியில் ஏறத்தாழ 15 விழுக்காடு அந்தத் தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இந்த நோய் மனிதர்களுக்குத் தொற்றாது. பன்றிகளுக்கு மட்டும் பெரும்பாலும் மரணம்தான்.

காகிதம், காத்திருக்கும் நாள்கள், கண்ணும் கையும் செய்யும் சோதனை என மூன்று வாசல்கள். ஒன்றில் தப்புவது அடுத்ததில் சிக்கலாம். நிபா தொற்றிய பன்றிகள் பலவற்றில் அறிகுறியே தெரியவில்லை என்பதால், கண்ணை மட்டும் நம்பவும் முடியாது.

ஒப்படைப்பில் எனக்குப் பாதி மதிப்பெண்தான். விரிவுரையாளர் அந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். பட்டியலில் உள்ள மற்ற வரிகள் நமக்குத் தெரிந்த நோய்களைக் கேட்கின்றன. அந்த ஒரு வரிதான், தெரியாத நோயையும் கேட்கிறது. அதில் கையெழுத்திடும் கால்நடை மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. மந்தையைப் பார்த்து, இருமலைக் கேட்டு, “காரணம் தெரியும்வரை இவற்றை ஏற்றவேண்டாம்” என்று சொன்னால் போதும்.

1998ல் அந்த லாரிகள் புறப்படுவதற்கு முன்பு அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம். அடுத்த முறை அங்கே நிற்கப்போகிறவர் இப்போது நம் வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்திருக்கலாம்.